நக்கவாரத்துக் கடல்வாயில்

'கடாரங்கொண்டான்' என்னும் பட்டப்பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் நன்கு அறிவர். முதலாம் இராசேந்திர சோழன் கடல் கடந்து படை செலுத்திக் கடாரத்தை வென்றான் என்று பாடம் ஒப்பிப்பர். கடாரம் இன்றைய கெடா என்பதையும் சொல்வர். ஆயின், சோழநாட்டுக் கரைக்கும் கெடாவுக்கும் இடையே கிடக்கும் கடலில் வழி எது, அவ்வழியில் வாயில் எது என்று கேட்டால் விடை வருவது அரிது. பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. நாமே அதைக் கற்பித்ததில்லை.

நிலப்படம் ஒன்றை விரித்து, நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் ஓர் அளவுகோலால் இணைத்துப் பாருங்கள். நேர்கோடு ஏறத்தாழ 1,260 கடல்மைல் நீளும். அஃது 2,300 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அக்கோடு வெறுங்கடலில் மட்டும் செல்வதன்று. மூன்றில் இரண்டு பங்கு வழி கடந்ததும் அது ஒரு தீவின்மேலேயே ஏறிச் செல்லும். அத்தீவு பெரிய நிக்கோபார். நாகையினின்று பினாங்குக்கு வருகின்ற எந்தக் கப்பலும் அவ்விடத்தில் வடக்கே ஒதுங்க வேண்டும். அல்லது தெற்கே ஒதுங்க வேண்டும். நம் வரலாறு நுழைந்த வாயில் அங்கேதான் இருக்கிறது.

மூன்று வாயில்கள்

பர்மாவின் மேற்கு எல்லையில் உள்ள அரக்கான் மலைத்தொடர் கடலில் அமிழ்ந்து, தெற்கே சென்று, சுமத்திராவில் மீண்டும் எழுகின்றது. அமிழ்ந்த தொடரின் முடிகளே அந்தமான் தீவுகளும் நிக்கோபார் தீவுகளும். எனவே, வங்கக் கடலுக்கும் அந்தமான் கடலுக்கும் நடுவே இத்தீவுகள் ஒரு நெடிய வேலி போல் நிற்கின்றன. வேலியில் உள்ள இடைவெளிகளே கப்பல்வழிகள்.

வடக்கிலுள்ள இடைவெளி, சிறிய அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் நடுவில் உள்ளது. வட அகலாங்கு பத்துப் பாகைக் கோடு அதனூடே செல்வதால் பத்துப் பாகைக் கால்வாய் எனப் பெயர் பெற்றது. அதன் அகலம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். நடுவில் உள்ளது சொம்பிரேரோ கால்வாய். நான்கவுரி, கச்சால் முதலிய நடுத்தீவுகளுக்கும் சிறிய நிக்கோபாருக்கும் இடைப்பட்டது. தென்கோடியில் உள்ளதே பெருங்கால்வாய். அதன் வடகரை பெரிய நிக்கோபாரின் தென்முனை. தென்கரை சுமத்திராவுக்கு அப்பால் உள்ள ரொண்டோ என்னும் சிறு தீவு. இடைவெளி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஆறு பாகைக் கால்வாய் என்பதும் இதற்கு வழங்கும் பெயரே.

கால்வாய் என்ற சொல் நம் காதில் வெட்டப்பட்ட வாய்க்காலை நினைவூட்டுகிறது. இங்கே எவரும் எதையும் வெட்டவில்லை. இயற்கை விட்டுவைத்த வழிகள் இவை. ஆதலால் கடல்வாயில் என்று சொல்வதே பொருளுக்குப் பொருத்தமாகும். இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆள்கின்றேன்.

காற்றும் மலையும்

வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று வீசும். கார்த்திகை முதல் மாசி வரை வடகிழக்குக் காற்று வீசும். முன்னது கப்பலைக் கிழக்கே தள்ளும். பின்னது மீட்டுக் கொணரும். பாய்மரக் காலத்து வணிகன் இவ்விரு காற்றுக்கும் இடையே தன் ஆண்டை வகுத்துக்கொண்டான். கீழைக் கரையில் காற்று மாறுமளவும் தங்க வேண்டியிருந்ததால்தான், கெடாவிலும் சுமத்திராவிலும் தமிழ் வணிகர் குடியிருப்புகள் தோன்ற வழி உண்டாயிற்று.

காற்று மட்டும் போதாது, குறியும் வேண்டும். இங்கே நில அமைப்பு மாலுமிக்குத் துணை செய்தது. ஈழத்தின் தென்கோடியான தேவேந்திரமுனை, பெருங்கடல்வாயில், கெடாவின் குனோங் ஜெராய் மலை ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறாம் அகலாங்குக் கோட்டை ஒட்டியே கிடக்கின்றன. விண்மீன்களின் உயரத்தைக் கொண்டு அகலாங்கை அறிந்து, அதே கோட்டில் கிழக்கு நோக்கிச் செல்பவன் வாயிலைத் தவறவிட மாட்டான். பெரிய நிக்கோபாரின் துல்லியர் மலை 642 மீட்டர் உயரம். வானம் தெளிந்திருந்தால் 90 கிலோமீட்டர் தொலைவிலிருந்தே அதன் முடி தெரியும். குனோங் ஜெராய் 1,217 மீட்டர். அஃது 120 கிலோமீட்டருக்கு அப்பாலும் தோன்றும். அம்மலையடியில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. பழைய கடாரத்துத் துறை அங்கு அமைந்தது தற்செயல் அன்று. வாயிலைக் கடந்து வருவோன் கண்ணில் முதலில் படும் மலை அதுவே.

பெயரின் சான்று

நிக்கோபார் என்பது பிற்கால வடிவம். தஞ்சைப் பெரிய கோயிலில் கி.பி. 1030 அளவில் பொறிக்கப்பட்ட இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அத்தீவுகளை மாநக்கவாரம் என்கிறது. நக்கம் என்றால் ஆடையின்மை. நக்கன் என்றால் ஆடையற்றவன். வடமொழி நக்னம் என்பதன் திரிபு இது.

இப்பெயருக்கு அயலார் சான்றும் உண்டு. சீன நாட்டுப் பௌத்தத் துறவி இத்சிங் கி.பி. 671-இல் கப்பலேறி, ஸ்ரீவிசயத்தையும் கெடாவையும் கண்டு, அங்கிருந்து வடக்கே சென்று ஆடையற்றோர் நாட்டை அடைந்ததாக எழுதியுள்ளார். கப்பலைக் கண்டதும் தீவினர் சிறு படகுகளில் நூற்றுக்கு மேற்பட்டுத் திரண்டு வந்தனராம். தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்து இரும்பு கேட்டனராம். இரு விரல் அளவுள்ள இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கிடைத்ததாம். கி.பி. 851-இல் எழுதப்பட்ட அரபு நூலொன்றும் இத்தீவினர் இரும்பை விரும்பி வாங்கியதைக் கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல்வழியே சென்ற மார்க்கோ போலோ இத்தீவை நெக்குவெரான் என்கிறார். சோழர் கல்வெட்டின் நக்கவாரத்துக்கும் இன்றைய நிக்கோபாருக்கும் இடைப்பட்ட வடிவம் இஃது என்பது வெளிப்படை.

மணிமேகலையில் வரும் சாதுவன் கதையைச் சிலர் இத்தீவோடு பொருத்துவர். கப்பல் உடைந்து கரையேறிய சாதுவன் நக்கசாரணர் என்னும் நாகரிடம் சிக்கி, அவர்தம் மொழியறிந்து உயிர் தப்புகிறான். பெயர் ஒப்புமை உண்மைதான். ஆயினும் ஆடையற்ற தீவினர் ஓரிடத்தில் மட்டும் வாழ்ந்தவர் அல்லர். ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாமல் கருத்தாகவே மாணவர்க்குச் சொல்ல வேண்டும்.

பேராக்கில் வாழும் நமக்கு இத்தீவினரைப் பற்றி அறியத்தக்க செய்தி இன்னொன்றுண்டு. நிக்கோபாரியர் பேசும் மொழி ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. நம் மாநிலத்து மலைகளில் வாழும் செமாய், தெமியார் ஆகிய பழங்குடியினரின் மொழிகளும் அக்குடும்பத்தனவே. வாயிலின் காவலரும் நம் மலைகளின் முதற்குடியினரும் மொழியால் உறவினர்.

மெய்க்கீர்த்தியின் வரிசை

கி.பி. 1025 அளவில் நிகழ்ந்த படையெடுப்பில் வெல்லப்பட்டனவாக மெய்க்கீர்த்தி பதின்மூன்று இடங்களை அடுக்குகிறது. ஸ்ரீவிசயம் முதலாவது. பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம் என்பன அடுத்தன. இறுதியில் நிற்பவை இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்னும் மூன்று.

இவ்வரிசை படை சென்ற வழியைக் காட்டுகிறதா? காட்டவில்லை என்றே கொள்ள வேண்டும். சோழநாட்டுக் கரையிலிருந்து கிழக்கே செல்லும் கப்பற்படை முதலில் காணத்தக்கது நக்கவாரம். பாட்டிலோ அது கடைசிக்கு முந்தியது. மேலும், ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும் முன் நிற்கும் அடைமொழி அப்பெயரோடு எதுகை பொருந்துமாறு அமைந்துள்ளது. நக்கவாரத்தைத் தேன் பொருந்திய சோலைகளை உடையது என்று புலவர் புகழ்வதிலிருந்து அங்கே தேன் மிகுதி என்று முடிவு கட்டலாகாது. யாப்பு அறிந்த தமிழாசிரியர்கள் இதனை எளிதில் உணர்வர். யாப்பறியாத வரலாற்றாசிரியரோ ஏமாறக்கூடும்.

அவ்வாறாயின் வரிசையில் பொருளே இல்லையா? உண்டு என்பது என் கருத்து. இலாமுரிதேசம் சுமத்திராவின் வடமுனையில், இன்றைய ஆச்சே பகுதியில் இருந்த இலாமுரி நாடு. அது பெருங்கடல்வாயிலின் தென்தூண். மாநக்கவாரம் அதன் வடதூண். கடாரம் வாயிலின் உள்ளே எதிர்ப்படும் துறை. இரு தூண்களையும் அடுத்தடுத்துக் கூறி, பின்னர் வாயிலுக்குள் இருக்கும் நகரைக் கூறி முடிக்கிறார் புலவர். கடலைக் காவலாக உடையது என்று கடாரத்துக்கு அடை கொடுத்திருப்பதும் இதனோடு ஒத்துப் போகிறது. பாட்டை இயற்றியவருக்கோ, அவருக்குச் செய்தி தந்த கடலோடிகளுக்கோ இவ்வாயிலின் அமைப்பு தெரிந்திருந்தது என்று கருத இஃது இடந்தருகிறது.

இப்படையெடுப்பின் நோக்கம் நாடு பிடிப்பதன்று, வழி திறப்பதே என்பதற்கும் இது துணை நிற்கும். அதற்கு இருபது ஆண்டுகட்கு முன், கி.பி. 1006 அளவில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். இலெய்டன் நகரில் நெடுங்காலம் இருந்த செப்பேடுகள் அதனைக் கூறும். 1025-க்குப் பின்னும் உறவு அறவே அறுந்துவிடவில்லை. வீரராசேந்திரன் கடாரத்தை வென்று அதன் மன்னனிடமே திருப்பி அளித்ததாகத் தன் கல்வெட்டில் கூறிக்கொள்கிறான். கி.பி. 1090-இல் கடாரத்து அரசனின் வேண்டுகோளுக்கு இணங்கி முதற் குலோத்துங்கன் விகாரத்து ஊர்களுக்கு வரிச்சலுகை அளித்தான். சோழர் மலாயாவை ஆண்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் இவற்றைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மாநிலத்திலேயே ஒரு சிக்கல் உண்டு. இராசேந்திரன் புருவாஸ் பகுதியிலிருந்த கங்கா நகரத்தை அழித்தான் என்று பலரும் எழுதுகின்றனர். ராஜா சூரன் என்னும் அரசன் கங்கா நகரத்தைத் தாக்கியதாகச் செஜாரா மெலாயு கூறுவது மெய். அந்நகரைத் திண்டிங், புருவாஸ் வட்டாரத்தோடு இணைப்பதும் மரபு. ஆயினும் செஜாரா மெலாயு படையெடுப்புக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. மெய்க்கீர்த்தியின் பதின்மூன்று பெயர்களில் கங்கா நகரம் இல்லை. சோழரைப் பற்றிய நினைவு மலாய் மக்களிடையே அத்துணைக் காலம் உயிரோடிருந்தது என்பதே அந்நூல் தரும் உறுதியான செய்தி. அதற்கு மேல் சொல்ல வேண்டுமாயின் மண்ணுக்கடியிலிருந்து சான்று வர வேண்டும்.

வணிகர் சுவடு

அரசர் படை ஒருமுறை வந்தது. வணிகர் பலமுறை வந்தனர். இன்றைய தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்னுமிடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகிறது. தகுவாபா ஏறத்தாழ ஒன்பதாம் அகலாங்கில் உள்ளது. வடக்கு வாயிலுக்கு எதிர்க்கரை என்று கூறலாம். தெற்கு வாயிலின் தென்தூணாகிய ஆச்சேயிலும், நெயுசு என்னுமிடத்தில் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே கிடைத்த கி.பி. 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினருடையது. பாரூஸுக்குச் செல்வோர் வாயிலுக்குள் நுழையாமல் வெளிப்புறமாகவே தெற்கே திரும்ப வேண்டும். ஆக, வாயிலின் இரு புறமும், உள்ளும், வெளியும் தமிழ் வணிகர் சுவடுகள் உள்ளன.

பேராக்கிலும் அக்கடல்வழியின் எச்சங்கள் இல்லாமல் இல்லை. மாத்தாங் பகுதியின் சதுப்புக் கரையிலுள்ள கோலா செலின்சிங்கில் பழைய மணித்தொழில் குடியிருப்பொன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அங்கே விஷ்ணுவர்மன் என்னும் பெயர் வடமொழியில் பொறித்த சிவப்புக்கல் முத்திரை கிடைத்தது. பீடோரில் ஈயச்சுரங்கம் ஒன்றில் 1936-இல் அவலோகிதேசுவரரின் வெண்கலப் படிமம் கிடைத்தது. இவற்றைத் தமிழர் கொணர்ந்தனர் என்று சாதிக்க வேண்டியதில்லை. கடலுக்கு மேற்கே இருந்த எழுத்தும் சமயமும் இக்கரையை எட்டின என்பதற்கு இவை போதிய சான்று.

தரங்கம்பாடியின் தீவுகள்

சோழருக்குப் பின் நக்கவாரத்தின் கதை மீண்டும் காவிரிக்கரையோடு இணைவது வியப்பளிப்பது. 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனியர், 1756-இல் நிக்கோபார் தீவுகளைத் தமதாக அறிவித்தனர். ஆட்சி தரங்கம்பாடியிலிருந்தே நடந்தது. குடியேறியவர்களைக் காய்ச்சல் கொன்றது. குடியிருப்புகள் மீண்டும் மீண்டும் கைவிடப்பட்டன. மொராவிய சமயத் தொண்டர்கள் 1768 முதல் 1787 வரை நான்கவுரியில் முயன்று, பலரை மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினர். 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்ற டேனியர், 1868-இல் தீவுகளின் மீதிருந்த உரிமையையும் விற்றனர். அவர்கள் விட்டுச் சென்ற பெயர் ஒன்று நிலைத்துள்ளது: 1846-இல் அங்கு வந்த கலாத்தியா என்னும் டேனியக் கப்பலின் பெயரால், பெரிய நிக்கோபாரின் ஆறும் விரிகுடாவும் இன்றும் வழங்குகின்றன.

பாட்டன்மார் கடந்த வாயில்

இனி, நமக்கு மிக அண்மையிலுள்ள பகுதிக்கு வருவோம். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சோதிக்கப்பட்டு, கப்பலின் மேற்தளத்தில் பாய் விரித்து, பினாங்கு வந்து, ஜெரஜா தீவில் நோய்த் தடுப்புக்காக அடைக்கப்பட்டு, பின்னர் ரயிலேறிப் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்கள் நம் முன்னோர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தது. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1973 வரை இக்கடலில் ஓடியது. அடுத்து வந்த சிதம்பரம் கப்பலின் ஓட்டம் 1985-இல் நேர்ந்த தீ விபத்தோடு முடிந்தது.

மணிக்குப் பன்னிரண்டு கடல்மைல் செல்லும் நீராவிக் கப்பல், நாகையை விட்ட மூன்றாம் நாள் முடிவில் நக்கவாரத்தின் அருகே வந்துவிடும். ஒன்றரை நாளில் பினாங்கு. மூன்று நாள் நீரைத் தவிர வேறொன்றும் காணாத மக்களுக்கு அங்கே ஒரு மலை தெரிந்திருக்கும். அம்மலைக்கு முன்னோர் இட்ட தமிழ்ப் பெயர் தஞ்சைக் கோயில் சுவரில் இருந்தது. அதனைக் கண்டவர்க்கோ அப்பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லை. வென்றவன் பெயர் கல்லில் நின்றது. பிழைக்க வந்தவர் பெயர் கங்காணியின் கணக்கேட்டில் நின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்த பின் அந்தக் கணக்கேடுகளும் மறைந்து வருகின்றன. நாம் வாயிலைப் பற்றிப் பேசும்போது இராசேந்திரனை மட்டும் பேசினால், வந்தவருள் மிகப் பெரும்பான்மையோரை விட்டுவிட்டவர் ஆவோம்.

இன்றைய நிலை

2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுமத்திராவுக்கு அப்பால் தோன்றிய நிலநடுக்கம், அமிழ்ந்த இம்மலைத்தொடரின் வழியே வடக்கே பரவியது. பெரிய நிக்கோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. 1972-இல் நிறுவப்பட்ட கலங்கரை விளக்கத்தின் அடி கடலுள் நின்றது. ஆழிப்பேரலை மேற்கே நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. கிழக்கே அதே வாயிலின் வழியாகச் சுமத்திரா முனையைச் சுற்றி வந்து பினாங்கு, கெடாக் கரைகளையும் தாக்கியது. சுமத்திரா குறுக்கே நின்றதால் இங்கே அழிவு குறைந்தது. நாகையையும் பினாங்கையும் இணைக்கும் அந்த நேர்கோட்டை நான் முதலில் சொன்னேன். அன்று ஒரே துயரம் அக்கோட்டின் இரு முனைகளையும் தொட்டது.

இன்று சூயசிலிருந்தும் கொழும்பிலிருந்தும் மலாக்கா நீரிணைக்கு வரும் கப்பல்கள் பெருங்கடல்வாயில் வழியாகவே வருகின்றன. இவ்விடத்துக் கடல் எல்லையை இந்தியாவும் இந்தோனேசியாவும் 1974-இல் உடன்பாட்டால் வகுத்துக்கொண்டன. கலாத்தியா விரிகுடாவில் பெருந்துறைமுகம் அமைக்கும் திட்டத்துக்கு இந்திய அரசு 2022-இல் சுற்றுச்சூழல் ஒப்புதல் அளித்தது. அவ்விரிகுடாவின் மணலில் தோணியாமைகள் முட்டையிடுகின்றன. உள்காட்டில் ஷோம்பேன் என்னும் சிறு பழங்குடியினர் வாழ்கின்றனர். இரும்புத் துண்டுக்குத் தேங்காய் கொடுத்த காலம் முதல், வாயிலைக் கடப்போர் தம் பயணத்தையே எண்ணினர். வாயிலில் வாழ்வோரை எண்ணியோர் சிலரே. அக்குறை இனியும் தொடர வேண்டுமா என்பது இன்றைய வினா.

தமிழாசிரியர்கள் செய்யத்தக்கது எளிது. கடாரங்கொண்டான் பாடம் நடத்தும் நாளில் ஒரு நிலப்படத்தையும் ஓர் அளவுகோலையும் வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். நாகையிலிருந்து பினாங்குக்கு ஒரு மாணவனையே கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோடு தீவில் முட்டும் இடத்தில் நக்கவாரம் என்று எழுதச் சொல்லுங்கள். பின்னர், 'உன் வீட்டிலிருந்து இவ்வழியே முதலில் வந்தவர் யார்? எந்த ஆண்டு வந்தார்?' என்று கேட்டு, வீட்டில் விசாரித்து எழுதிவரப் பணியுங்கள். விடை சொல்லத்தக்க முதியோர் இன்னும் சில இல்லங்களில் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அந்த வினா கேட்கப்பட வேண்டும்.